சின்னப்பாட்டி காட்டிய தெற்கு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பேச்சை வேண்டுமானால் திருத்திக்கொள், நடந்ததைத் திருத்தாதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன். இதில் நான் செய்தது ஒன்றும் பெருமைப்படுகிற காரியம் இல்லை. ஆனாலும் சொல்வதற்கு எனக்கு ஒரே சந்தோஷம். இந்த வயதில் ஒரு பொறாமையை மூடி மூடி வைத்து என்ன ஆகப்போகிறது?

பொறாமை என் ஓரகத்தி மேல். என் கணவருடைய தம்பியின் மனைவி. நான் வந்து மூன்று வருடம் கழித்து இந்த வீட்டுக்கு வந்தவள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அவள் வீடும் என் வீடும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. அவள் வீட்டில் மீன் பொரித்தால் என் வீட்டில் மணக்கும். அவள் பொரிக்கிற மீன்தான் அதிகம் மணக்கும், அதுவும் எனக்குப் பொறுக்காது.

அவள் வந்த முதல் வாரமே மாமியார் பைபிளை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார். அதுவரை இரவு ஜெபத்தில் என் கணவர்தான் வாசிப்பார். வாசிக்கும்போதே கொட்டாவி விடுவார். இவள் வாசித்தால் கோயில் மணி அடித்தது போல இருக்கும். மாமியார் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார். நான் கேட்டுக் கேட்டே பாதிச் சங்கீதங்களை மனப்பாடம் ஆக்கிவிட்டேன். பக்தி என்று நினைத்துவிட வேண்டாம். அவள் எங்கேயாவது ஒரு வார்த்தையை விழுங்குகிறாளா என்று பார்க்கத்தான். ஒருநாள் ஒரு வசனத்தையே விழுங்கிவிட்டாள்.

“ஏட்டி, நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சுல்லா!” என்று கத்திவிட்டேன்.

மாமியார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “இவ சரியான குசும்புக்காரியாக்கும்” என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் பிறந்தது அஞ்சுகிராமம் பக்கம். அங்கே குசும்பு என்றால் குறும்பு, விளையாட்டுத்தனம். மாமியார் என்னைக் கொஞ்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் அம்மா பார்க்க வந்தபோதுகூட, “மாமி என்னைய குசும்புக்காரின்னு கூப்பிடுதாவ” என்று சிரித்துச் சிரித்துச் சொன்னேன். இந்த மேற்குப் பக்கத்தில் பேச்சில் பாதி மலையாளம். இங்கே குசும்பு என்றால் பொறாமை. அது தெரிய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அண்டி ஆபீஸில் கூட வேலை செய்த ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்த அன்று மாமியார் மேல் கோபம் வரவில்லை. சரியாகத்தானே கண்டுபிடித்திருக்கிறார் என்று தோன்றியது.

முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனிக்கு எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்று பேர். ஆகையால் ஓரெழுத்துத் தெரியாத நானும் பல வருடம் ஆபீஸுக்குப் போய் வந்தவள்தான். எட்டாம் வகுப்புப் படித்தவள் வீட்டில் இருந்தாள். இதை அவளிடம் எத்தனை முறை சொல்லிக் காட்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

அந்த ஆபீஸுக்குப் போய் வந்ததில்தான் நிலாவைப் பார்க்கப் படித்தேன். வேலை முடிந்து வெளியே வரும்போது இருட்டிவிடும். மரச்சீனிக்கிழங்கு விளைகளையும் ரப்பர் தோட்டத்தையும் தாண்டி வீட்டுக்கு வர வேண்டும். நான் பிறந்த ஊரில் மலை மேற்கே இருக்கிறது. வழி தப்பினால் மலைக்கு முதுகைக் காட்டி நடந்தால் போதும், ஊர்ப்பக்கம் வந்துவிடலாம். இங்கே மலை வடக்கேயும் கிழக்கேயும் கிடக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. முதல் மாதத்திலேயே மலைக்கு முதுகைக் காட்டி நடந்து, எங்கேயோ ஒரு சர்ச் வாசலில் போய் நின்று அழுதேன். அதற்குப் பிறகு மலையை நம்புவதை விட்டுவிட்டேன்.

அண்டி வறுக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் தீப்பக்கம் இருக்கிற கன்னம் மட்டும் சிவக்கும். நிலாவும் அப்படித்தான் என்று ஒருநாள் கண்டுகொண்டேன். வளர்பிறையில் அந்திக்குப் பிறகு பார்த்தால், அதன் வெளுத்த வயிறு சூரியன் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அது மேற்கு. பௌர்ணமி கழிந்து தேயத் தொடங்கினால் வயிறு திரும்பிவிடும், காலையில் சூரியன் வரப்போகிற பக்கத்தைப் பார்க்கும். அது கிழக்கு. அவ்வளவுதான். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் யாருக்கும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

இனி என் பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். என் மூத்த மகனின் மகள். பன்னிரண்டாம் வகுப்பு. என் வயிற்றுப் பிள்ளை பெற்ற பிள்ளை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையை என் வீட்டில் எறிந்துவிட்டு நேரே என் ஓரகத்தி வீட்டுக்குத்தான் ஓடுவாள். அவளைத்தான் சின்னப்பாட்டி சின்னப்பாட்டி என்று கொஞ்சுவாள். என்னிடம் வந்தால், “பாட்டி, சாப்பிட என்ன இருக்கு?” அதோடு சரி.

போன புரட்டாசியில் சின்னப்பாட்டி பேத்தியின் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, நிலாவை வைத்துத் திசை கண்டுபிடிப்பது எப்படி என்று பேத்தியிடம் சொன்னாள். பேத்தி உடனே அவளை மொட்டை மாடியில் நிறுத்தி வீடியோ படம் எடுத்தாள். அன்றைக்கு அரை நிலா, பாதியாக உடைத்த தேங்காய்மூடி போல. சின்னப்பாட்டி நல்ல சேலை கட்டி, கையில் ஒட்டடைக் கம்பு வைத்துக்கொண்டு, “நிலாவுக்க ரெண்டு நுனியையும் சேத்து ஒரு கோடு வரையணும். அந்தக் கோட்டைக் கீழ இறக்கிக் கொண்டு வந்தா, அது முட்டுக இடமாக்கும் தெக்கு” என்றாள். கோடு சரியாகத் தெற்கே இருக்கிற பள்ளிக்கூடத்துக் கூரையில் போய் முட்டிற்று.

பேத்தி போனில் போட்டுவிட்ட அந்தப் படத்தை எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்களோ. சவூதியிலிருந்து என் இளைய மகன் கூப்பிட்டு, “அம்மா, சித்தி கலக்கிட்டாங்கல்லா” என்றான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் எல்லாம் அவளைச் சுற்றி நின்றார்கள். நிலாப்பாட்டி என்று பேரே வந்துவிட்டது. நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். செருப்பு என் காலில்தான் இருந்தது.

நாற்பது வருடம் நிலாவைப் பார்த்து வீடு வந்து சேர்ந்தவள் நான். பேர் வாங்கினவள் அவள். சாப்பாடு இறங்குமா சொல்லுங்கள். என்னிடமும் ஒருநாள் பேத்தி வந்து, “பாட்டி, உங்களுக்கு எதாவது தெரியுமா?” என்று கேட்க மாட்டாளா என்றிருந்தது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. கேட்கவில்லை.

மாசி மாதத்தில் பேச்சிப்பாறைப் பக்கம் சின்னப்பாட்டியின் தம்பி புதுவீடு கட்டி, ஜெபம் பண்ணிக் குடிபுகுகிற பிரதிஷ்டை வைத்தார். எல்லாரும் வேனில் போனோம். பேத்திக்கு மறுநாள் காலையில் பரீட்சை. அதனால் நானும் சின்னப்பாட்டியும் அவளும் மட்டும் பஸ்ஸில் முன்னாலேயே திரும்புவது என்று முடிவாயிற்று. ரப்பர் தோட்டத்துக்குள் குறுக்கே தெற்கு நோக்கி நடந்தால் கால் மணி நேரத்தில் ரோடு. தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு வந்தார்.

“ஒவ்வொருத்தரா கொண்டு விடுகேன் அக்கா. இருட்டப்போவுது.”

“நான் பொறந்து வளந்த எடத்துல எனக்கு வழி தெரியாதாலே?” என்றாள் சின்னப்பாட்டி.

“வழி தப்பிப் போனா ஆனை வந்து கொண்டு விடும், பேடிக்காதீங்க” என்று அவர் சிரித்தார். பந்தியில் மிஞ்சின, பயற்றை உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்தை ஒரு பையில் கட்டி என்னிடம் தந்தார்.

மாசியில் ரப்பர் மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு எலும்பும் தோலுமாக நிற்கும். கீழே முழங்கால் அளவுக்குச் சருகு. ஒற்றையடிப் பாதை அந்தச் சருகுக்கு அடியில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மரமெல்லாம் வரிசை வரிசையாக ஒரே மாதிரி. ஒரு ஓடை வந்தது, சுற்றிப் போனோம். ஒரு பள்ளம் வந்தது, அதையும் சுற்றினோம். அரை மணி நேரம் ஆயிற்று, ரோடும் இல்லை, வெளிச்சமும் இல்லை. பேத்தியின் செல்போன் காலையிலிருந்து படம் பிடித்தே செத்துப்போயிருந்தது. சின்னப்பாட்டியின் பட்டன் போனில் டார்ச் மட்டும் எரிந்தது, சிக்னல் இல்லை. எட்டு மணிக்குக் கடைசி பஸ்.

“எந்தப் பக்கம் போணும் சின்னப்பாட்டி?” பேத்தியின் குரல் இறங்கியிருந்தது.

“பொறு மக்கா. மேல யாரு இருக்கா பாத்தியா?”

இலையில்லாத கிளைகளுக்கு மேலே அரை நிலா. கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே. சின்னப்பாட்டி கழுத்தை அண்ணாந்து, விரலால் நுனிக்கு நுனி கோடு போட்டாள். நான் அந்த விரலைப் பார்த்தேன், நிலாவைப் பார்த்தேன், எனக்கு மனசு குளிர்ந்தது.

ஏனென்றால் புரட்டாசியில் அந்தி நேரத்து அரை நிலா தெற்கே சரிந்து நிற்கும். கோட்டைக் கீழே இறக்கினால் தெற்கேதான் வரும். மாசியில் அது உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் வடக்கே சரிந்து நிற்கும். கோட்டை இறக்குகிறவர்கள் எந்தப் பக்கம் தரை கிட்டமோ அந்தப் பக்கம்தானே இறக்குவார்கள்? அவள் விரல் நேரே வடக்கே போய் நின்றது.

“இதாக்கும் தெக்கு” என்றாள். “வாங்க.”

வயிறு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நான் ஒரு நொடியில் கண்டுவிட்டேன். அது மேற்கு என்றால் நாங்கள் போக வேண்டிய ரோடு எங்கள் முதுகுக்குப் பின்னால். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நடை எனக்குத் திருநாள் போல இருந்தது. முன்னால் டார்ச்சோடு நிலாப்பாட்டி. நடுவில் பேத்தி. பின்னால் நான், வெற்றிலையை மென்றுகொண்டு. ஒவ்வொரு அடிக்கும் அவள் பேர் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது என்று கணக்குப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எங்கேயாவது ஒரு வேலியில் போய் முட்டுவாள். பேத்தி திரும்பி என்னைப் பார்ப்பாள். அப்போது சொல்லலாம் என்றிருந்தேன். பஸ் போனால் தம்பி தேடி வருவார், பரீட்சைக்கு விடிய இன்னும் நேரம் இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

“சின்னப்பாட்டி, ஏத்தமா இருக்கே. ரோட்டுக்கு எறக்கமாத்தானே வரணும்?”

“ஒரு ஏத்தம் கழிஞ்சா எறக்கம் வரும் மக்கா.”

“பாட்டி, நீங்க என்ன ஒண்ணும் பேசாம வாறீங்க?”

“வாயில வெத்தல கெடக்கு பிள்ள” என்றேன்.

இன்னும் பத்து நிமிடம் ஏறியிருப்போம். டார்ச் வெளிச்சம் ஆடத் தொடங்கியது. மேட்டில் கால் தடுக்கியதோ என்னமோ என்று நினைத்தேன். அவள் கைதான் நடுங்கியிருக்கிறது. ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்தாள், மரத்தோடு சரிந்து சருகில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒண்ணுமில்ல மக்கா. வெப்ராளமா வருது. கண்ணு இருட்டுது” என்றாள்.

நான் தொட்டுப் பார்த்தேன். நெற்றியெல்லாம் குளிர்ந்த வியர்வை. அவளுக்குச் சுகர் உண்டு. சாப்பிடப் போகிறோம் என்று மாத்திரையைப் போட்டுவிட்டு, பந்தியில் பரிமாறுகிற அவசரத்தில் ஒன்றுமே தின்னாமல் கிளம்பியிருக்கிறாள். பேத்தி அழ ஆரம்பித்தாள். நான் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பையை அவிழ்த்து ஒரு முந்திரிக்கொத்தைக் கல்லில் குத்திப் பொடித்தேன். சர்க்கரைப்பாகு போட்டது, சும்மா கடித்தால் பல் போய்விடும். பொடியை அவள் வாயில் வைத்தேன்.

“தின்னுட்டி. மெதுவா. இன்னும் கொஞ்சம். எனக்காகத் தின்னுட்டி.”

எனக்காக என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நாலு முந்திரிக்கொத்து உள்ளே போன பிறகு அவள் கை நடுக்கம் நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“பஸ்ஸு போயிருமே அக்கா.”

“போவாது” என்றேன். “எழும்ப முடியுமா? பைய எழும்பு. நாம வந்தது வடக்கயாக்கும். ரோடு பின்னால கெடக்கு.”

பேத்தி அழுகையை நிறுத்தினாள். “எப்படித் தெரியும் பாட்டி?”

நான் நிலாவைக் காட்டினேன். “அதுக்க வயிறு எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாரு. சூரியன் போன பக்கத்தையாக்கும் பாக்குது. அது மேக்கு. மேக்க வலது கைப்பக்கம் வச்சு நடந்தா தெக்க போலாம். கோடும் வேண்டாம், கம்பும் வேண்டாம்.”

அவளை நடுவில் விட்டு, ஒரு கையை நானும் ஒரு கையைப் பேத்தியும் பிடித்துக்கொண்டு இறங்கினோம். நிலாவை ஒரு கண்ணும் காலடியை ஒரு கண்ணுமாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். இறக்கம் வந்தது. ஓடை வந்தது. ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது. கடைசியில் ஒரு டீக்கடை விளக்கு. எட்டு மணி ஆகிவிட்டது, ஆனால் பஸ் வரவில்லை. எங்கள் பக்கத்துப் பஸ் நேரத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை, அதை நம்பித்தானே நானும் மென்றுகொண்டு நடந்தேன்.

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்ததும் பேத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“பாட்டி, நீங்கதான் சூப்பர்! நாளைக்கு உங்களைத்தான் படம் எடுக்கணும்.” பிறகு சட்டென்று கையை எடுத்தாள். அவள் புத்திசாலி. “பாட்டி, நாம அங்க நின்னப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் சின்னப்பாட்டி பேசிவிட்டாள்.

“அவங்களுக்கு ராத்திரி கண்ணு சரியாத் தெரியாதுல்லா மக்கா. மேல ஏறினப்பொறவுதான் நிலாவக் கண்டிருப்பாங்க. இல்லியா அக்கா?”

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். வெற்றிலை மென்றதும் தெரியும், ஏன் மென்றேன் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே எனக்காகப் பொய் சொல்கிறாள். பேத்தி முகம் தெளிந்து மறுபடி என் தோளில் சாய்ந்தாள். எனக்கு இத்தனை நாளாக வேண்டியிருந்தது கையில் வந்துவிட்டது. வந்தது அவள் கையால்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. படிப்பில் ஜெயித்தாள், குரலில் ஜெயித்தாள், படத்தில் ஜெயித்தாள். சுகர் இறங்கி உட்கார்ந்த இடத்தில், மன்னிப்பதிலும் இவள் ஜெயித்துவிட வேண்டுமா?

“இல்ல பிள்ள” என்றேன். “எனக்கு மொதல்லயே தெரியும். சின்னப்பாட்டி விரலு நீட்டினப்பவே கண்டேன். அவ தப்பிப் போறது பாக்கணும்னு சொல்லாம இருந்தேன்.”

பேத்தி என் தோளிலிருந்து தலையை எடுத்தாள். பிறகு எழும்பிப் போய்ச் சின்னப்பாட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பஸ் வந்ததும் அவர்கள் இரண்டு பேரும் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின்சீட்டில் தனியாக, காலிப் பையோடு.

குலசேகரம் வந்ததும் பேத்தி தூங்கிப்போனாள். அவள் தலையை ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்துவிட்டுச் சின்னப்பாட்டி என் பக்கம் திரும்பினாள்.

“எதுக்கு அக்கா சொன்னீங்க? நான் மூடி விட்டேன்லா?”

“நீ மட்டும் நல்லவளா இருந்தா நான் என்ன ஆகதுட்டி?” என்றேன்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். முதலில் வாயைப் பொத்தி. பிறகு பொத்த முடியாமல். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார், முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நான் சிரித்தால் கோழி கொக்கரிப்பது போல இருக்கும். அவள் சிரித்தால் மணி உருள்வது போல இருக்கும். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள்.